நிலம் தொடும் நடை

பாமா செய்யும் வேலைக்கு ஜோகுபாளையத்தில் இன்னும் ஒரு பெயர் அமையவில்லை. எதிர்வீட்டார் அதைப் போனில் படம் போடுகிற வேலை என்பார்கள். மெட்ரோ ரயில் பணிமனையில் மின்பழுது பார்க்கும் அவள் கணவன் சந்தானமோ, வேறொருவருக்கு விழ வேண்டிய திட்டையெல்லாம் தன் மனைவி வாங்கிக்கொள்கிறாள், அதற்கு மாதச் சம்பளமும் தருகிறார்கள் என்பான். இரண்டில் சந்தானம் சொல்வதே உண்மைக்கு அருகில் நிற்கிறது. விளையாட்டு வீரர்களின் இணையப் பக்கங்களைப் பேணி, அவர்களைப் பற்றி உலகம் என்ன பேசுகிறது என்பதை நாள்தோறும் படித்து, புகழ்ச்சியை வளர்த்து, பழிச்சொல்லை ஆற்றி, ஒரு பெயரைக் குத்துவிளக்கைப் போலத் துலக்கி வைப்பது அவள் தொழில். முன்னாளில் வேந்தர்க்கும் வள்ளல்களுக்கும் புலவர்கள் செய்த பணி அது. இன்று கன்னட நாட்டுத் தலைநகரின் ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், இரண்டு கணினிகளோடு நடந்துவருகிறது.

நாற்பத்தொரு வயதான பாமா இத்தொழிலை எந்தக் கல்லூரியிலும் கற்றவள் அல்லள். பதினோரு ஆண்டுகள் ஒரு குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்தின் புகார் மையத்தில் தலையில் ஒலிவாங்கியைப் பூட்டிக்கொண்டு அமர்ந்திருந்தாள். தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் என நான்கு மொழிகளிலும் வசவு கேட்டுத் தேறியவள். அங்கே அவள் கற்றது ஒன்றே. சினந்து பேசுகிறவன் இணைப்பைத் துண்டிக்காத வரையில் அவன் நம்மை விட்டுப் போகவில்லை. நாம் துண்டித்தால் அவன் திரும்பவே மாட்டான். அந்தக் கிளை மூடப்பட்டபோது, காணொளிகளைத் தொகுக்கத் தெரிந்த கிஷோர் என்ற இளம் சகஊழியனைச் சேர்த்துக்கொண்டு இந்த அறையை வாடகைக்குப் பிடித்தாள்.

அவளிடம் முதலில் வந்து சேர்ந்த பெயர் யூனிஸ். பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சட்டைக் காலர் தைக்கும் அன்னம்மாளின் மகள், இருபத்துமூன்று வயது, நடைப்போட்டி வீராங்கனை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் யூனிஸின் பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிருவர். அவர்களில் பாதிப் பேர் அவள் தேவாலயத்துப் பாடற்குழுவினர். இப்போது அறுபதாயிரத்தைக் கடந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் 'நான்' என்று வரும் இடமெல்லாம் பாமா எழுதியது. இத்தொழிலின் எழுதாச் சட்டம் அது. பேசுவது வீரரின் குரலாகவே இருக்க வேண்டும், எழுதுகிறவர் வெளியே தெரியக் கூடாது.

நடைப்போட்டியைப் பலரும் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. இடுப்பை ஒடித்து ஒடித்துச் செல்லும் அந்தக் கோலத்தைப் பார்த்தால் சிரிப்பு வருவது இயல்பே. ஆயினும் அதன் விதியைப் போலக் கடுமையான விதி வேறு விளையாட்டில் அரிது. எந்தக் கணத்திலும் ஒரு பாதமாவது நிலத்தைத் தொட்டிருக்க வேண்டும். இரு பாதமும் எழுந்தால் அது ஓட்டம். வழி நெடுக நடுவர்கள் நின்று பார்ப்பார்கள். ஐயம் வந்தால் மஞ்சள் மட்டையைக் காட்டி எச்சரிப்பார்கள். குற்றம் உறுதி என்று ஒரு நடுவருக்குத் தோன்றினால் சிவப்பு அட்டை. வெவ்வேறு நடுவர்களிடமிருந்து மூன்று அட்டைகள் சேர்ந்தால் வெளியேற்றம். இவை அனைத்தையும் நடுவர்கள் தம் வெறும் கண்ணால் பார்த்தே சொல்ல வேண்டும். கருவிக்கு அங்கே இடம் இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியைப் பாமா அறிந்திருந்தாள். ஆனால் அதன் பொருளை அவள் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அல்சூர் ஏரியோரச் சாலையில் யூனிஸ் பயிற்சி செய்வதைக் கிஷோர் படமெடுத்தான். ஏரியின்மேல் பனிப்புகை, நீர்நடுவே தீவில் வெண்கொக்குகள், சிவந்து வரும் கீழ்வானம். ஒரு நொடியை எட்டு நொடியாக நீட்டிக் காட்டும் முறையில் அவன் அதை அமைத்துத் தந்தபோது பாமாவுக்கு மெய்சிலிர்த்தது. யூனிஸின் கால் காற்றில் ஏறி, சற்றே தங்கி, மலர் இறங்குவதுபோல் இறங்கியது. அல்சூர்க் கோயிலின் மார்கழிச் சொற்பொழிவுகளைக் கேட்டு வளர்ந்தவள் பாமா. வானவர்க்குப் பாதம் நிலத்தில் தோயாது, கண் இமைக்காது, சூடிய மாலை வாடாது என்று சொற்பொழிவாளர் சொல்லக் கேட்ட சிறு வயது வியப்பு அவளுக்குள் அப்படியே இருந்தது. மகிழ்ச்சியின் உச்சத்தில், தனக்குத் தெரிந்த புகழ்ச்சிகளில் தலையாயதை எடுத்து அந்தக் காணொளியின் மேல் எழுதினாள்: மண்ணைத் தொடாத நடை.

புதன் நண்பகலில் அதை வெளியிட்டார்கள். மாலைக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். கிஷோர் எண்ணிக்கையைக் கூவிக்கொண்டே இருந்தான். பேட்டரிக் கடைக்காரர் கீழேயிருந்து என்ன கலாட்டா என்று கேட்டார். வியாழன் காலையில் எண்ணிக்கை மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் பார்த்தவர்கள் எழுதியிருந்தவற்றைப் படிக்கப் படிக்கப் பாமாவின் கையிலிருந்த காப்பி ஆறிப்போயிற்று.

'நேர்நடை' என்ற பெயரில் பக்கம் நடத்தும் ஒருவர், அந்தக் காணொளியில் ஒரு கணத்தை நிறுத்தி, யூனிஸின் காலணிக்கும் அதன் நிழலுக்கும் இடையே இருந்த இரண்டு விரற்கடை வெளிச்சத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இட்டிருந்தார். அதன் கீழே வசவு ஒன்றும் இல்லை. 'நிழலைப் பாருங்கள். மண்ணைத் தொடாத நடை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். மண்ணைத் தொடாவிட்டால் அதற்குப் பெயர் ஓட்டம். எழுதுகிறவன் சுந்தரமூர்த்தி' என்று மட்டும் இருந்தது. அந்தப் பண்பான மூன்று வரிகளைத் தூக்கிக்கொண்டு, பண்பில்லாத ஆயிரம் பேர் கிளம்பியிருந்தார்கள். ஏமாற்றுக்காரி என்றார்கள். பதக்கங்களைப் பறிக்க வேண்டும் என்றார்கள். நடுவர்கள் குருடர்களா என்று விளையாட்டுச் சங்கத்தின் பக்கத்திலேயே போய்க் கேட்டார்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாநிலப் பத்துக் கிலோமீட்டர் நடைப்போட்டி. முதல் இருவர் தேசியப் பயிற்சி முகாமுக்குத் தேர்வாவார்கள். நடுவர்களும் மனிதர்களே, அவர்கள் கையிலும் போன் உண்டு. அந்தச் சிவப்பு வட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்ட கண் ஞாயிறன்று யூனிஸின் காலை வேறு விதமாகப் பார்க்காது என்று யார் சொல்ல முடியும்? வீழ்ந்தால், ஒரு போட்டியோடு போகாது. ஏமாற்றுக்காரி என்ற சொல் முத்திரையாகி அவளோடு என்றைக்கும் வரும். அதை அவள் நெற்றியில் எழுதியவள் தானே என்பதைப் பாமா அந்தக் காலையில் தெளிவாக உணர்ந்தாள். பகைவர் எவரும் யூனிஸுக்குச் செய்யாததை, அவளைப் போற்றுவதற்கென்றே அமர்த்தப்பட்டவள் செய்திருந்தாள்.

பதினோரு மணிக்குள் மூன்று அழைப்புகள். முதலாவது சிறுதானிய பிஸ்கட் நிறுவனத்தின் விளம்பர அதிகாரி ஸ்ரீஹர்ஷாவிடமிருந்து. யூனிஸின் படத்தைத் தம் பிஸ்கட் உறையில் அச்சிட இசைந்திருந்தவர்கள் அவர்கள். நோடி மேடம் என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் காணொளியை நீக்கி, யூனிஸின் பெயரில் பொதுவாக ஒரு வருத்தம் தெரிவித்து, ஒரு மாதம் மௌனமாக இருந்தால் ஊர் மறந்துவிடும் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இத்தொழிலில் எல்லாரும் சொல்லும் மருந்து அதுதான். இரண்டாவது பயிற்சியாளர் டொமினிக். அல்சூர்ப் படைமுகாமில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னதை அச்சிடுவதற்கில்லை. சாரம் இதுதான்: நாலு வருஷம் அந்தப் பெண்ணின் குதிகாலைத் தரையில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன், நீ ஒரே நாளில் தூக்கிவிட்டாய்.

மூன்றாவது அன்னம்மாள். அவர் கோபிக்கவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது. தையல் வரிசையில் அடுத்த மிஷினில் இருப்பவள், உன் மகள் ஓடிவிட்டு நடந்தேன் என்கிறாளாமே என்று படத்தைக் காட்டிச் சிரித்தாளாம். அன்னம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"நெஜமாலுமே கால் தூக்குதா பாமா? நீ சொல்லு, நான் நம்பிக்கிறேன்."

பாமா நிறுத்தப்பட்ட அந்தக் கணத்தைத் திரையில் மீண்டும் பார்த்தாள். கருவியின் கண்ணுக்குத் தூக்குகிறது. தேர்ந்த நடையாளர் எவருக்கும் தூக்கத்தான் செய்யும்; இமைக்கும் நேரத்திலும் சிறு பங்கு அது. மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. ஆகவே விதிக்கும் அது இல்லை. நேரில் பார்க்கும்போது விளக்குகிறேன் அம்மா என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகுதான், சொல்ல வேண்டியதைத் தானே இப்போது கண்டுகொண்டதை உணர்ந்தாள். காமிரா இமைக்காத கண். வானவர்க்கு உரிய அந்தக் கண்ணைக் கொண்டு, வானவர்க்கு உரிய புகழைப் பாடி, மனிதர்க்கென்று வகுத்த ஓர் ஆட்டத்தில் ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்கியிருந்தாள். இந்த ஆட்டம் கேட்பது இமைக்கும் கண்ணையும் நிலம் தொடும் காலையும்தான்.

நண்பகலில் யூனிஸே மாடிப்படி ஏறி வந்தாள். பயிற்சி முடித்து, பொம்மனஹள்ளிக்குப் பேருந்து ஏறாமல் நேரே வந்திருந்தாள். கிஷோர் எழுந்து நாற்காலியைத் தந்தான். அவள் அதில் அமர்ந்து, காலணியைக் கழற்றி, காலுறையையும் கழற்றி, பாதத்தைத் தூக்கி மேசையின்மேல் வைத்தாள். கிஷோர் நெளிந்தான்.

"அக்கா, என் கால் தரையில படலைன்னு எழுதியிருக்கீங்க. இங்க நாலு கொப்புளம் இருக்கு, எண்ணிக்கோங்க. படாம இது எப்படி வந்துச்சு?"

பாமா எண்ணினாள். நான்குதான். அழுகையும் சிரிப்பும் ஒருங்கே வந்தன. யூனிஸ் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டோரம் அசைந்தது. தான் தேவதை இல்லை, பொம்மனஹள்ளிப் பெண், இனிமேல் எழுதுவதாக இருந்தால் கொப்புளத்தைப் பற்றி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, ஞாயிறு நடப்பது உறுதி, எவன் என்ன வட்டம் போட்டாலும் நடப்பேன் என்றாள். வருத்தம் தெரிவிக்க மட்டும் மறுத்தாள். செய்யாத தப்புக்கு ஸாரி சொன்னால் செய்ததாகிவிடும் என்பது அவள் வழக்கு.

நீக்கினால் என்ன ஆகும் என்று பாமா எண்ணிப் பார்த்தாள். சிவப்பு வட்டமிட்ட படம் ஆயிரம் இடங்களில் இருக்கிறது. மூலம் மட்டும் மறையும். மறைத்தது எதற்காக என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். அது நாமே இணைப்பைத் துண்டிப்பது. புகார் மையத்தில் பதினோரு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவள் செய்யாத செயல்.

அன்று பிற்பகல் அவள் எழுதியதைக் கிஷோர் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டே வந்தான். கடைசி வரி வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, உங்க பேரைப் போடாதீங்க. நம்ம லைன்ல யாரும் போட மாட்டாங்க. அப்புறம் யாரு நம்மள வெச்சுப்பாங்க?"

பாமா அவன் விரல்களை மெல்ல விலக்கினாள். யூனிஸின் பக்கத்தில், அதே காணொளியின் அடியில், மூன்று மொழிகளில் வெளியானது இது:

'இந்தக் காணொளியை மெதுவாக்கச் சொன்னவள் நான். இதன்மேல் அந்த வரியை எழுதியவளும் நான். யூனிஸ் இரண்டையும் கேட்கவில்லை. இதை நீக்கப் போவதில்லை. நடைப்போட்டியில் பாதம் நிலத்தை விட்டு எழுகிறதா என்பதை மனிதக் கண்ணே பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் உங்களுக்குக் காட்டியது மனிதக் கண் காண்பது அன்று. அது என் பிழை. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அல்சூர் ஏரிக்கரையில் யூனிஸ் பத்துச் சுற்று நடக்கிறாள். ஐயம் உள்ளவர்கள் வாருங்கள். திருப்பத்தில் நின்று உங்கள் கண்ணால் பாருங்கள். வர இயலாதவர்களுக்காகப் போட்டி முழுவதையும் நிறுத்தாமல், வெட்டாமல், நடக்கிற வேகத்திலேயே நேரலையாகக் காட்டுவேன். பாமா, ஜோகுபாளையம்.'

பிறகு சுந்தரமூர்த்திக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். ஐயா என்று அழைத்து, திருப்பத்தில் அவருக்காக ஓர் இடம் பிடித்து வைப்பதாகவும், போனைப் பையில் போட்டுவிட்டுப் பார்க்குமாறும் வேண்டினாள். விடை வர இரண்டு மணி நேரமாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் தானும் மாநில அளவில் நடந்தவன் என்றும், வாழ்வின் சிறந்த போட்டியின் கடைசிச் சுற்றில் மூன்றாம் அட்டை வாங்கி வெளியேறியவன் என்றும், இன்றைய பிள்ளைகளைக் கேட்பார் இல்லையே என்ற ஆற்றாமையில் எழுதியதாகவும் அவர் எழுதியிருந்தார். முடிவில் ஒரு சொல்: வருகிறேன்.

அதற்குப் பின் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. திட்டியவர்களில் பலர் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். வாகனம் நிறுத்த இடம் உண்டா என்றார் ஒருவர். மைசூரிலிருந்து முதல் ரயிலில் வந்தால் நேரத்துக்குச் சேரலாமா என்றார் மற்றொருவர். பாமா ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி விடை எழுதினாள். வெள்ளி மாலை ஸ்ரீஹர்ஷா அழைத்து, நிறுவனம் பின்வாங்குவதாகச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை டொமினிக் மாடிக்கு வந்து, வந்திருந்த விசாரணைகளையெல்லாம் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஊர்ல கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பாங்க. நீ திட்றவனுக்கெல்லாம் பத்திரிகை வெச்சிருக்கியேம்மா."

என்றாலும் போகும்போது அவர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டே போனார்.

ஞாயிறு. கென்சிங்டன் ரோட்டின் ஏரிப்பக்கம் வாகனங்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. ஒரு கிலோமீட்டர் வளையம். பொதுவாக நடைப்போட்டியைப் பார்க்க வருபவர்கள் பெற்றோரும் வழிப்போக்கரும்தான். அன்று தடுப்புக் கயிற்றின் இருபுறமும் மூன்று வரிசை ஆள் நின்றது. ஏற்பாட்டாளர்கள் மலைத்துப்போய் இன்னும் கயிறு தேடினார்கள். தேநீர் விற்பவர் ஒருவர் சைக்கிளோடு எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டார். அன்னம்மாள் ஞாயிறு ஆராதனையைத் தம் வாழ்நாளில் முதன்முறையாக மாலைக்குத் தள்ளிவைத்துவிட்டு, பாடற்குழுப் பெண்கள் ஆறு பேரோடு வந்திருந்தார். தையல் வரிசையில் சிரித்தவளும் அவர்களோடு வந்திருந்தாள். திருப்பத்தின் வளைவில், மடக்கு நாற்காலி ஒன்றில், வெள்ளைத் தொப்பியோடு சுந்தரமூர்த்தி அமர்ந்திருந்தார். கைகள் முழங்காலின்மேல் வெறுமையாக இருந்தன.

பாமா அறிவிப்புப் பலகைக்கும் திருப்பத்துக்கும் நடுவே நின்று போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். நேரலையைத் தொடங்கியபோது பார்த்தவர் நானூறு பேர். துப்பாக்கி வெடித்தது.

பதினான்கு பெண்கள் ஒருங்கே புறப்பட்டார்கள். யூனிஸ் முதற் சுற்றிலேயே முன்னே வந்துவிட்டாள். இரண்டு, மூன்று, நான்கு. ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம் நாற்பது நொடி, கடிகாரம் போல. தட்டத் தட்டத் தாளம் கேட்பதுபோல் அவள் குதிகால் தார்ச்சாலையில் விழும் ஓசை திருப்பத்தில் நின்றவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது. கூட்டத்தில் ஒருவன் அதைக் கைதட்டித் தொடர்ந்தான். அடுத்த சுற்றில் ஐம்பது பேர் தட்டினார்கள். நேரலையில் ஒன்பதாயிரம் பேர்.

ஐந்தாம் சுற்றில் ஒரு நடுவர் மஞ்சள் மட்டையை உயர்த்தினார். ஆறாம் சுற்றில் அறிவிப்புப் பலகையில், யூனிஸின் எண்ணுக்கு எதிரே, ஒரு சிவப்பு அட்டைக்கு அடையாளமான முதல் சிவப்புப் புள்ளி ஒட்டப்பட்டது. கைதட்டல் தளர்ந்தது. கிஷோர் ஓடிவந்து, போனைக் கொஞ்சம் ஏரிப்பக்கம் திருப்பலாமே என்றான். பாமா திருப்பினாள், ஆனால் பலகையின் பக்கம். புள்ளி எல்லாருக்கும் தெரியும்படி சில நொடிகள் காட்டிவிட்டு மீண்டும் சாலைக்கு வந்தாள்.

ஏழாம் சுற்று முடியுமுன் இரண்டாவது புள்ளி.

இன்னும் மூன்று கிலோமீட்டர். இன்னும் ஓர் அட்டை. பாடற்குழுப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். தனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் பாமா ஒருங்கே அழைத்தாள். இத்தனை நாளும் அந்தரத்தில் ஏற்றிப் பாடிய பாதத்தை நிலத்தோடு சேர்த்துவை என்பது அவள் வேண்டுதலாக இருந்தது. டொமினிக் கயிற்றைத் தாண்டி உடலையே வளைத்து, யூனிஸ் கடக்கும்போது ஒரே வாக்கியம் சொன்னார்.

"எட்டி வெச்சது போதும், குட்டையா வை."

அவள் காலடியைக் குறுக்கினாள். வேகம் குறைந்தது. பின்னால் வந்த இருவர் அவளைக் கடந்துபோனார்கள். எட்டாம் சுற்றில் மூன்றாம் இடம். முகாமுக்கு இருவர் மட்டுமே. ஒன்பதாம் சுற்றிலும் மூன்றாம் இடம். ஆனால் அந்த இரண்டு சுற்றிலும் எந்த மட்டையும் எழவில்லை. திருப்பத்தில் இரு நடுவர்கள் குனிந்து, முழங்காலில் கையூன்றி, அவள் பாதத்தையே பார்த்தார்கள். அவர்களுக்கு இரண்டடி தள்ளிச் சுந்தரமூர்த்தியும் நாற்காலியை விட்டு இறங்கி, அதே போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சுற்றின் மணி அடித்தது. இரண்டாம் இடத்தில் சென்றவள் இருபது மீட்டர் முன்னே இருந்தாள். யூனிஸ் காலடியை நீட்டவில்லை; அதே குட்டை அடியை விரைவாக வைத்தாள், விரைவாக, இன்னும் விரைவாக. கைகள் தறியின் ஓடம்போல் அடித்தன. இருபது மீட்டர் பதினைந்தாயிற்று, பத்தாயிற்று. கூட்டம் மீண்டும் தட்டத் தொடங்கியது. தாளம் அவள் அடிக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியது. தையல் வரிசைக்காரி அன்னம்மாளின் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். முடிவுக்கோட்டுக்கு முப்பது மீட்டர் இருக்கையில் இருவரும் தோளோடு தோள். கோட்டை யூனிஸின் நெஞ்சு முதலில் கடந்தது. இரண்டாம் இடம். நாற்பத்தேழு நிமிடம் இருபத்தொரு நொடி.

யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. எல்லார் முகமும் பலகையின் பக்கம் திரும்பியிருந்தது. கடைசி நூறு மீட்டரில் விழுந்த அட்டை முடிவுக்குப் பிறகே தெரியவரும் என்பது அத்தனை பேருக்கும் இப்போது தெரியும். பாமாதான் மூன்று நாட்களாக விடைகளில் எழுதிக் கற்பித்திருந்தாளே. தலைமை நடுவர் தாள்களை வாங்கி அடுக்கினார். கண்ணாடியைத் துடைத்தார். ஏரியில் ஒரு கொக்கு எழுந்து மறு கரைக்குப் போயிற்று. நேரலையில் முப்பத்தோராயிரம் பேர், ஒரு நரைத்த மனிதர் கண்ணாடி துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர் முடிவுத் தாளைப் பலகையில் ஒட்டினார். யூனிஸின் எண்ணுக்கு எதிரே இரண்டு புள்ளிகள். இரண்டே.

அப்போது எழுந்த ஓசை அல்சூர்ச் சந்தை வரை கேட்டது என்று சந்தானம் இன்றும் சாதிப்பான். அவன் அப்போது பூ வாங்கிக்கொண்டு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தானாம். டொமினிக் ஒரு நடுவரையே கட்டிப்பிடித்துவிட்டுப் பின் சல்யூட் அடித்தார். அன்னம்மாள் பாமாவின் இரு கன்னத்தையும் பற்றிக்கொண்டார். வியாழக்கிழமை கேட்ட கேள்விக்கு விடை இனித் தேவைப்படவில்லை.

நெரிசலை விலக்கிக்கொண்டு சுந்தரமூர்த்தி வந்தார். நேரலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாமா போனை இறக்கப் போனாள். அவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"பத்து ரவுண்டும் பார்த்தேன்மா. என் கண்ணுக்குத் தெரியலை. படத்துல தெரிஞ்சது, கண்ணுக்குத் தெரியலை. இதையும் எழுதிடறேன்."

சற்று நின்று, ரெண்டு அட்டை விழுந்த பிறகு குட்டையாக வைத்தாளே, அன்றைக்கு அது எனக்குத் தோன்றாமல் போயிற்று என்று சொல்லிவிட்டு, மடக்கு நாற்காலியை எடுக்கப் போனார்.

எட்டு மணிக்கு ஸ்ரீஹர்ஷாவின் அழைப்பு வந்தது. குரலில் வெள்ளிக்கிழமையின் சாயல் சிறிதும் இல்லை. மொத்த அலுவலகமும் நேரலை பார்த்ததாம். உறைக்குப் படம் உடனே வேண்டுமாம். அந்தப் பழைய மெதுவான காணொளியிலிருந்தே, கால் காற்றில் மிதக்கிற அந்தக் கணம்தான் எல்லாருக்கும் பிடித்திருக்கிறதாம். பாமா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு கணம் பார்த்தாள். அது கிடைக்காது சார், குதிகால் தரையில் இருக்கிற படம்தான் கிடைக்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். மறுமுனையில் அவர் யோசிப்பது கேட்டது. இணைப்பை அவள் துண்டிக்கவில்லை. அவர் சரி ஆயித்து என்று கன்னடத்தில் இசையும்வரை காத்திருந்தாள்.

நடைபாதைக் கல்லில் அமர்ந்து யூனிஸ் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான்கு கொப்புளமும் உடைந்து, பாதம் தார்க்கரியும் மண்ணுமாக இருந்தது. அவள் கையை நீட்டி அக்காவின் போனை வாங்கினாள். இரண்டு ஆண்டுகளில் அவள் தன் பக்கத்தை ஒருமுறைகூடத் தன் கையால் தொட்டதில்லை. உள்ளங்காலைச் சூரியனுக்கு நேரே திருப்பி ஒரு படம் எடுத்தாள். கீழே எதையோ தட்டினாள். அனுப்பாமல் பாமாவிடம் நீட்டினாள். படத்தின் அடியில் இரண்டு சொற்கள் இருந்தன.

'தரையில பட்டுச்சு.'

பாமா இதைவிட நன்றாக எழுத வல்லவள். விரலும் ஒருமுறை எழுத்துகளின் மேல் போயிற்று. பிறகு ஒன்றையும் மாற்றாமல் அனுப்பினாள்.